வளவில் நிலம் தாழ்ந்தால் யாரைக் கூப்பிடுவது? முழங்காவிலில் ஒரு அப்பாவும் மகளும்

முழங்காவில் பக்கத்தில் ஒரு அப்பாவும் மகளும் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றி இது. அவர்களுக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அப்பா இளவயதிலிருந்து கிணறு வெட்டியவர். மகள் பேராதனையில் நிலவியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். குழாய்க்கிணறு அடிக்க முதல் நிலத்தடியில் தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று பார்த்துச் சொல்வதுதான் இவர்களுடைய அன்றாடத் தொழில். நான் கூப்பிட்டது தண்ணீருக்காக இல்லை. எங்கள் வளவில் நிலம் திடீரென்று உள்ளே போனது. அதை இவர்கள் சரிசெய்த விதத்தைப் பார்த்த பிறகு, பூநகரியிலிருந்து மன்னார் வரை செம்மண்ணில் வீடும் தோட்டமும் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் காணி ஏ 32 வீதியிலிருந்து உள்ளே. மாமரம், மரமுந்திரிகை, இடையில் கச்சான். ஐப்பசி மழை ஒரு இரவு முழுவதும் கொட்டி ஓய்ந்த காலையில், மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கிடங்கு இருந்தது. வாய் வண்டிச் சில்லளவு. உள்ளே அதைவிட அகலம். மண்வெட்டிப் பிடியை விட்டுப் பார்த்தால் அடி தட்டவில்லை. யாராவது தோண்டியிருந்தால் வெட்டிய மண் சுற்றிவரக் கிடக்க வேண்டும். ஒரு பிடி மண் கூட வெளியே இல்லை. எல்லாம் கீழே போயிருந்தது.

முதலில் வந்தவர் பெக்கோ (மண் அள்ளும் மெஷின்) வைத்திருக்கும் ஒருவர். பெயர் வேண்டாம். எட்டிப் பார்த்ததும், "பழைய பங்கர்தான் அக்கா, ரெண்டு லோட் கிரவல் கொட்டினால் சரி" என்றார். போர்க்காலத்தில் வெட்டிய பதுங்குகுழியைத்தான் பங்கர் என்போம். கொட்டினார், மெஷினை ஏற்றி மிதித்தார், காசை வாங்கிக்கொண்டு போனார். கார்த்திகை மழையில் அந்தக் கிரவல் முழுவதும் இறங்கியது. கிடங்கின் வாய் முன்பைவிட அகலமாகத் திறந்தது. கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. திருப்பிக் கேட்டபோது, மழைக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். பக்கத்து வளவில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் உரக்கடையில் விசாரித்து இந்த அப்பாவையும் மகளையும் பிடித்தேன்.

ஐயா வந்ததும் கிடங்குப் பக்கம் போகவே இல்லை. மாமர நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து என் மாமியோடு கதைக்கத் தொடங்கினார். "அம்மா, இந்தக் காணியில பங்கர் எத்தினை வெட்டினீங்கள்? எந்தெந்த இடம்?" "கக்கூஸ் கிடங்கு மாத்தினதோ?" "இந்த இடத்தில பெரிய மரம் ஏதும் நிண்டதோ?" "ஷெல் விழுந்ததோ?" "தூர்ந்த கிணறு ஏதும் இருக்கோ?" மாமி எழுந்து நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பங்கர் குசினிக்குப் பின்னால் முருங்கையடியில், மற்றது வேலிக்கரையில். இரண்டும் கிடங்கிலிருந்து தூரம். பழைய மலக்குழி வேறு மூலையில். அந்த இடத்தில் மரம் நின்றதாக மாமிக்கு நினைவில்லை.

இந்தக் கேள்விகளின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. வன்னியில் நிலம் தாழ்வதற்குக் காரணங்கள் பல. பங்கர் என்றால் மேலே போட்ட பனங்குற்றி உக்கியதும் மண் மெல்ல இறங்கும். தாழ்ந்த இடம் வெட்டிய வடிவத்திலேயே, நீளமாகவோ மூலை திரும்பியோ தெரியும். பட்ட மரத்தின் வேர் உக்கினாலும் நிலம் இறங்கும், புற்றின் உள்ளறை இடிந்தாலும் இறங்கும். இவற்றுக்கெல்லாம் நல்ல மண் போட்டு, தண்ணீர் தெளித்து, படைபடையாக இடித்தால் போதும். ஏனென்றால் அடியில் ஒரு முடிவு இருக்கிறது. போட்ட மண் போட்ட இடத்திலேயே நிற்கும்.

ஐயா கேட்ட இன்னொரு கேள்வியை எல்லோரும் கவனிக்க வேண்டும். இந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா, அதற்குப் பிறகு எவ்வளவு ஆழம் கிண்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கிண்டும்போது இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துவேன், கை வைக்க மாட்டேன், பொலிசுக்கு அறிவிப்பேன் என்று வேலை தொடங்க முதலே சொன்னார். பெக்கோக்காரர் இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மகள் இதற்கிடையில் கிணற்றடிக்குப் போய், கிணறு வெட்டியபோது வெளியே எடுத்துக் குவித்த கற்களில் ஒன்றைத் தூக்கி வந்து, சின்னப் போத்தலில் இருந்த ஐதான அமிலத்தில் ஒரு சொட்டு விட்டார். சீறி நுரைத்தது. ஓ.எல் படிக்கும் என் மகன் இன்னும் ஒரு சொட்டு விடச் சொல்லிக் கேட்டான். "இது சுண்ணாம்புக்கல் அக்கா. இதுதான் உங்கட காணிக்குக் கீழ இருக்கு" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் வைத்து அவர் சொன்ன விளக்கத்தை என்னால் முடிந்த அளவு இங்கே எழுதுகிறேன்.

வன்னி முழுவதும் ஒரே பாறை இல்லை. வவுனியா, மாங்குளம் பக்கங்களில் அடியில் இருப்பது மிகப் பழைய, இறுகிய படிகப் பாறை. அது மழைத் தண்ணீரில் இப்படிக் கரைந்து குகையாகாது. மன்னார்க் கரையோரம், முருங்கன், முழங்காவில், பூநகரி என்று மேற்கே வர வர நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பதும் இதே கல்தான். மயோசின் காலத்தில், அதாவது சுமார் 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில், ஆழமில்லாத கடலில் படிந்தது. அதன்மேல் எங்கள் செம்மண் மூடியிருக்கிறது.

மழைத் தண்ணீர் காற்றிலிருந்து கொஞ்சம் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வரும். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் உக்கும் சருகுகளும் விடும் காபனீரொட்சைட்டை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். அப்போது அது மிக மென்மையான ஒரு அமிலம். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் வெடிப்புகள் வழியாக அது இறங்க இறங்க, கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெடிப்பு அகலும். அகன்ற வெடிப்பில் இன்னும் அதிகத் தண்ணீர் ஓடும், இன்னும் அகலும். இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும்.

நான் கேட்டேன்: "அப்படியென்றால் ஒரே இரவில் எப்படிப் பிள்ளை விழுந்தது?" அவருடைய பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது. அன்று இரவு கரைந்தது கல் இல்லை. கல்லில் இருந்த வாய் எப்போதோ திறந்துவிட்டது. அன்று விழுந்தது மேலே இருந்த மண். அரிசி மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டால் அரிசி கீழே ஒழுகுவதைப் போல, மண் அந்த வெடிப்புக்குள் வருடக்கணக்காக ஒழுகியிருக்கிறது. மண் வெறும் மணலாக இருந்தால் மேற்பரப்பு அதோடு சேர்ந்தே மெல்லத் தாழ்ந்து, தட்டையான பள்ளமாகத் தெரியும். களி கலந்த மண் பிடிப்பு உள்ளது. அது கூரை மாதிரி வளைந்து நிற்கும். அடியில் வெற்றிடம் பெருத்துப் பெருத்து மேலே வரும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கூரை தாங்க முடியாத அளவு மெலிந்த அன்று ஒரேயடியாக இடியும். எங்கள் கிடங்கின் வாய் சிறிதாகவும் உள்ளே அகலமாகவும் இருந்தது அதனால்தான்.

இடிய வைத்த காரணம் இரண்டு என்றார். ஒன்று, கோடையில் கச்சானுக்கும் மாங்கன்றுகளுக்கும் நாங்களும் அயலவர்களும் மோட்டர் போட்டு இறைத்தது. நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது அது மண்ணுக்கு ஒரு தாங்கல். நீர்மட்டம் இறங்கினால் தாங்கல் போய்விடும். மற்றது, மாட்டுக்கொட்டில் தகரக் கூரையின் தண்ணீர் முழுவதும் பீலி இல்லாமல் அந்த ஒரே இடத்தில் விழுந்து ஊறியது. வறண்ட கோடை, பிறகு கொட்டும் மாரி. நாங்கள் எல்லோரும் வருடாவருடம் காணும் அதே ஒழுங்குதான்.

இறைப்பது இவ்வளவு செய்யுமா என்று என் கணவர் சந்தேகமாகக் கேட்டார். அதற்கு மகள் புளோரிடாவில் நடந்ததைச் சொன்னார். 2010 ஜனவரியில் பிளான்ட் சிட்டி என்ற ஊரில் கடும் குளிர் வந்தபோது, ஸ்ட்ராபெரிப் பயிரைக் காப்பாற்ற விவசாயிகள் 11 நாள் தொடர்ந்து நிலத்தடி நீரை இறைத்துத் தெளித்தார்கள். நீர்மட்டம் 60 அடி அளவுக்கு இறங்கியது. அந்த நாட்களில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கிடங்குகள் விழுந்தன. பயிருக்காக இறைத்த விவசாயிகள்தான் அவர்களும். அதைக் கேட்டபிறகு இவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

யூடியூப்பில் பார்த்த ராட்சதக் குழியைப் பற்றி மகன் கேட்டான். குவாத்தமாலா நகரத்தில் 2010இல் ஒரு கட்டடத்தையே விழுங்கியது. அது சுண்ணாம்புக்கல் கரைந்ததால் வந்தது இல்லையாம். எரிமலைச் சாம்பல் படிந்த தளர்ந்த நிலத்தில், தண்ணீர் மண்ணை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போனதால் வந்தது. எங்கள் குளக்கட்டுகளில் நண்டு வளை, எலி வளை வழியாகத் தண்ணீர் புகுந்து மண்ணை அரித்துக் கட்டுத் தாழ்வதும் அதே வேலைதான் என்று ஐயா இடையில் சொன்னார். படிகப் பாறைப் பக்கம் இருக்கும் வன்னிக்காரர் கவனிக்க வேண்டியது இதைத்தான். சாக்கடலின் கரையில் விழும் கிடங்குகள் வேறு வகை: கடல்மட்டம் வருடந்தோறும் இறங்க, நன்னீர் உள்ளே வந்து மண்ணுக்கு அடியில் இருக்கும் உப்புப் படையைக் கரைக்கிறது.

இதே கல்லில், இயற்கையாகவே தாழ்ந்து, இன்று பயனாக நிற்கும் இடங்களும் இருக்கின்றன. புத்தூர் நிலாவரைக் கிணறு சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்ததால் வந்த பள்ளம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. வில்பத்துக் காட்டில் வில்லு என்று சொல்லும் நீர்நிலைகளும் வெளியேற வாய்க்கால் இல்லாத மூடிய பள்ளங்கள்தான். மாரியில் மழைநீரால் நிரம்பிக் கோடையில் வற்றும். ஒன்றிரண்டில் தண்ணீர் உப்பு. ஆகவே நிலம் தாழ்வது ஏதோ சாபம் என்று பயப்பட வேண்டாம் என்று மகள் மாமியிடம் தனியாகச் சொன்னார். மாமிக்கு அந்தப் பயம் இருந்தது உண்மை. அதைக் கண்டுபிடித்து அவருக்கு ஏற்ற மாதிரிச் சொன்னதற்காகவே இந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப் போனது.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் இரும்புக் கம்பியால் கிடங்கைச் சுற்றிக் குத்திப் பார்த்து, எங்கே மண் பொதுக்கென்று போகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் மாடும் ஆளும் போகாமல் கயிறு கட்டினார்கள். பிறகு மின்தடைச் சோதனை. நிலத்தில் ஒரே வரிசையில் நாலு கம்பிகளை அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இடையில் அளவு எடுப்பார்கள். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் சேதி வரும். ஈரக் களி மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த கல் விடாது, காற்று நிறைந்த வெற்றிடம் இன்னும் விடாது. உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் விடச் சுலபமாக விடும். வளவு முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அளந்தார்கள். வீட்டுக்கு அடியில் வெற்றிடம் இருப்பதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை என்று சொன்ன அன்றுதான் நான் நிம்மதியாகப் படுத்தேன். சின்ன வெற்றிடம் நல்ல ஆழத்தில் இருந்தால் இந்தச் சோதனையில் தப்பக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அடைத்த விதம் முழுக்க வேறு. இவர்கள் வேறொரு பெக்கோவை வாடகைக்குப் பிடித்து, அதைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, போட்ட கிரவலையும் தளர்ந்த மண்ணையும் முதலில் வெளியே எடுத்தார்கள். கல் தெரியும்வரை கிண்டினார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் சுண்ணாம்புக்கல் வந்தது, அதில் கை நுழையும் அளவு ஒரு வெடிப்பு. கிரவல் போன வழி அதுதான். ஐயா இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கி, அந்த வெடிப்பைவிடப் பெரிய கற்களைத் தேர்ந்து, ஒன்றுக்கொன்று கொழுவி நிற்கும்படி தன் கையாலேயே வைத்தார். அதன்மேல் சிறிய கல், அதன்மேல் சல்லி, பிறகு துணி மாதிரியான ஒரு வடிவிரிப்பு, அதன்மேல் பருமணல், கடைசியில் களிமண்ணை இடித்து, சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று உயரமாக மூடினார்கள்.

கொங்கிறீட் போட்டு அடைத்தால் இன்னும் உறுதி இல்லையா என்று கேட்டேன். தண்ணீர் இறங்கும் வழியை முழுதாக அடைத்தால் அது பக்கத்தில் வேறு வெடிப்பைத் தேடிப் போகும், அடுத்த கிடங்கு வீட்டோரத்தில் விழலாம் என்றார். தண்ணீர் கற்களுக்கு இடையால் போகட்டும், மண் மட்டும் போகாமல் நிற்க வேண்டும். அதுதான் இந்த அடுக்கின் நோக்கம். பெரிய கல் கீழே, சிறியது மேலே என்ற ஒழுங்கு மாறினால் எல்லாம் வீண்.

கொட்டில் கூரைக்குப் பீலி போட்டு, தண்ணீரை மாமர வரிசைக்கு வாய்க்காலில் திருப்பினோம். இது எங்கள் செலவு. ஆனால் எங்கே எவ்வளவு சரிவு வேண்டும் என்று அளந்து கொடுத்தது அவர்கள்.

கிணறு பற்றியும் ஒரு வார்த்தை. அடைப்பதற்கு முன் கிடங்கில் குப்பை, சாணி, செத்த கோழி எதையும் போட வேண்டாம் என்று மகள் கடுமையாகச் சொன்னார். மண்ணூடாக மெல்ல ஊறும் தண்ணீர் வடிபட்டுப் போகும். வெடிப்பு வழியாக இறங்குவது வடிபடாமல் நேரே கிணற்றுக்கு வரும். மழைக்குப் பிறகு எங்கள் கிணறு கலங்கியதே அதற்குச் சாட்சி. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் கிடங்கு என்றாலே குப்பை போடும் இடம் என்று ஆகிவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை நாங்கள்தான் குடிக்கிறோம்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன நாளுக்கு வரமாட்டார்கள். மழைக்காலத்தில் போன் எடுப்பதே அரிது. கையில் தந்த அறிக்கை முழுவதும் ஆங்கிலம், வளைகோட்டுப் படங்கள். மகள் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் விளங்கும். தமிழில் ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும், இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். கல், சல்லி, களி எல்லாம் நாங்களே தேடி இறக்க வேண்டியிருந்தது. களிக்கு அலைந்த அலைச்சல் பெரிது. காசு என்று பார்த்தால், சோதனைக்கு வாங்கியது குழாய்க்கிணறு அடிக்கக் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான். அடைப்பு வேலையில் பெக்கோ வாடகையும் கல்லும்தான் செலவு. ஐயாவின் கூலி நியாயம்.

அடைத்த பிறகு ஒரு மாரி முழுவதும் போய்விட்டது. மூடிய இடம் விரலளவு இறங்கியிருக்கிறது. அது படியும் இறக்கம், எதிர்பார்த்ததுதான் என்று முதல் பெருமழைக்குப் பிறகு அவர்களே வந்து பார்த்துச் சொன்னார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. கிணறு தெளிந்துவிட்டது.

யாருக்கு இவர்கள் பொருத்தம் என்றால், தோட்டத்தில், வளவில், கிணற்றடியில் நிலம் தாழ்ந்தவர்களுக்கு. வீட்டுச் சுவர் வெடித்தாலோ, கதவுகள் திடீரென்று இறுகினாலோ, வீட்டோரத்தில் வளைவாக நிலம் பிளந்தாலோ, முதலில் ஆட்களை வெளியே எடுத்துவிட்டு கிராம அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். ஐயாவே அப்படித்தான் சொல்கிறார். வேலிக்கட்டை சரிவது, ஒரு வட்டத்துக்குள் மட்டும் பயிர் வாடுவது, மழைக்குப் பின் கிணறு கலங்குவது போன்றவை முன்கூட்டியே வரும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் காத்திருக்காமல் இவர்களைக் கூப்பிடலாம். ஆவணிக்குள் சொல்லி வைத்தால் மழைக்கு முன் வருவார்கள். புரட்டாதி பிறந்துவிட்டால் வரிசை நீளம். முழங்காவில் சந்தி உரக்கடைகளில் கிணறு வெட்டும் ஐயாவும் படித்த மகளும் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். போகும்போது உங்கள் கிணறு வெட்டியபோது எடுத்த கல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், மகள் முதலில் கேட்பது அதைத்தான்.